இருபத்தேழாம் வீட்டுப் பெட்டி

என் கையெழுத்து நன்றாக இருக்கும், சார். பெருமைக்காகச் சொல்லவில்லை. அது கோணலாக இருந்திருந்தால் என்னை யாரும் கிளப்புச் செயலாளர் ஆக்கியிருக்க மாட்டார்கள். செயலாளர் ஆகாமல் இருந்திருந்தால் நான் விதிகள் எழுதியிருக்க மாட்டேன். விதிகள் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் தொலைத்தொடர்பு இலாகாவின் ஜீப்பில், இந்தச் செம்மண் சாலையில், இடுப்பு நோக எங்கள் மெராந்தித் தோட்டத்துக்கு வந்திருக்க வேண்டியதும் இல்லை.

அனுமதி இல்லாமல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒயர் இழுத்தது யார், அதை நடத்தியது யார் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். இழுத்தது இருசப்பன் அண்ணன். நடத்தியது உமாபதி ஆகிய நான், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கதிரவேலுவின் மகன். கேட்டதற்குப் பதில் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. நீங்களோ ஐந்து தாள் கொடுத்திருக்கிறீர்கள். அரசாங்கத் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை.

முதலில் ஒயர்.

இருசப்பன் அண்ணன் ரப்பர் ஆலையின் என்ஜின் கொட்டகையில் வேலை செய்பவர். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பழைய ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் பேசினால் அதுவே மைக்காகவும் வேலை செய்யும் என்பதை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தவர். 1984 தீபாவளிக்கு முன்னால் பலகை அடித்து நாற்பத்திரண்டு பெட்டிகள் செய்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஒலிபெருக்கி, ஒரு பொத்தான். லயத்துக் கூரையோரமாக மணி ஒயரை இழுத்து, எல்லாவற்றையும் கோயில் திருவிழாவுக்கு வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபையரில் கொண்டுவந்து சேர்த்தார். அது கிளப்பு அறையில் இருந்தது. எந்த வீட்டில் பொத்தானை அழுத்திப் பேசினாலும் நாற்பத்திரண்டு வீட்டிலும் கேட்கும். அவ்வளவுதான் அதன் தத்துவம். மேனேஜர் துரையின் பங்களாவில் ஒரு டெலிபோன், ஆபீசில் ஒரு டெலிபோன். லயத்துக்காரர்களுக்கு இது.

முதல் மூன்று மாதம் தோட்டமே ஒரு வீடு மாதிரி இருந்தது. மீன்காரன் கெர்லிங்கிலிருந்து வந்துவிட்டான், ஆடு காணோம், டிரசர் இன்று மூன்றாம் லயத்தில் ஊசி போடுகிறார், யார் வீட்டிலாவது சீனி இருக்கிறதா. சில சமயம் ஒன்றும் பேசாமல் யாராவது பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பார்கள். அவர்கள் வீட்டு ரேடியோப் பாட்டு எல்லா வீட்டிலும் கேட்கும். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

நான் அப்போது கோலாலம்பூரில் கல்லூரியில் இருக்க வேண்டியவன். கல்லூரியில் கையால் எழுதிப் படியெடுத்து ஒரு நையாண்டித் தாள் நடத்தினேன். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி, மரண அறிவித்தல் பாணியில் ஒரு கட்டுரை. நிர்வாகத்தார் வாசித்தார்கள், சிரித்தார்கள், என்னை ஒரு வருடம் வீட்டில் இருந்து யோசிக்கச் சொன்னார்கள். யோசிப்பதற்குத் தோட்டம் நல்ல இடம். அதிகம் பேர் செய்வதில்லை.

ஜனவரியில் நான் ஒயரில் செய்தி வாசிக்கத் தொடங்கினேன். பெயர் சொல்லவில்லை. மூக்கை அடைத்துக்கொண்டு ஒரு கிழவர் குரலில், மாலை ஆறு மணிக்கு, 'கூரைக் குரங்கு செய்திகள்.' காணாமல் போன ஆடு கிளப்புக் கமிட்டிக்குப் போட்டியின்றித் தேர்வானது, ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் ஐயாவின் மீசை தனி டிவிஷனாகப் பிரிக்கப்பட உள்ளது, இப்படி. ஆறு மணிக்குப் பெண்கள் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் பெட்டியடியில் வந்து உட்காருவார்கள். யார் அந்தக் குரங்கு என்று பந்தயம் கட்டினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் என்றார்கள், இருசப்பன் அண்ணன் என்றார்கள். என் பெயரை யாரும் சொல்லவில்லை. கிராணி மகன் லயத்துக்காரர்களோடு விளையாடுவான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

தாயம்மாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். இருபத்தேழாம் வீடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவள். ஐம்பது வயதிருக்கும். கணவர் காளியண்ணனும் பால்வெட்டுதான். அவர் வாயே திறக்காத மனிதர், வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் இவளே பேசிவிடுவாள். லயத்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். எங்கள் வீடு உட்பட அலுவலர் வீடுகளுக்கு நாள் முழுவதும் வரும். பிப்ரவரியில் ஒரு நாள் தாயம்மா பொத்தானை அழுத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கிராணியய்யா வூட்டு ரோசாச் செடி நல்லாருக்கணும். அதுக்கு ஊத்துற தண்ணியில ஒரு வாளி இங்கிட்டு வுட்டா, நாங்களும் ரெண்டு சட்டி கழுவிக்குவோம்லா."

அப்பா அன்று இரவுச் சாப்பாட்டை முடிக்கவில்லை. நான் கோபப்படவில்லை. மறுநாள் கூரைக் குரங்கு வாசித்தது: "இருபத்தேழாம் வீட்டு அம்மையாரின் தண்ணீர்க் கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. மேலிடம் என்றால் மேகம். ஓம், பதில் மழையாக வரும்."

அந்த 'ஓம்' என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சார், நீங்களும் எங்களைப் போல இலங்கை வழி வந்த ஆட்கள்தான். லயத்தில் 'ஆமா' உண்டு, 'ம்' உண்டு. 'ஓம்' சொல்லுகிற வீடு தோட்டத்தில் இரண்டுதான், இன்னொன்றில் ஆண்பிள்ளை இல்லை.

பிறகு தாயம்மா.

"யாருன்னு பாத்தேன். கிராணியய்யா மவன்தானா? ஏந் தம்பி, காலேசுல எறக்கி வுட்டாங்கன்னு எங்க கூரையில வந்து ஏறிக்கிட்டியா? எறங்கு சாமி. தகரம் நசுங்கிரப் போவுது."

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. லயம் கீழே. ஒரு லயத்தில் தொடங்கிய சிரிப்பு அடுத்த லயத்துக்குப் போவதை நான் வாசலில் நின்று கேட்டேன். பெட்டி வழியாக இல்லை, காற்று வழியாகவே கேட்டது. நானும் சிரித்தேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதன்பின் மூன்று மாதம், நான் கடையடியில் நடந்துபோனால், "தம்பி, கூரை பத்திரம்" என்பார்கள். அதற்கும் சிரித்தேன். நையாண்டி எழுதுகிறவன் நையாண்டியைத் தாங்க வேண்டும். இதில் எனக்கு எப்போதும் தெளிவு உண்டு.

மார்ச் மாதம் துரை கிளப்புக் கமிட்டியைக் கூப்பிட்டார். ஒயரில் தண்ணீர்ப் பேச்சு, யூனியன் பேச்சு, மண்டோரைத் திட்டுகிற பேச்சு எல்லாம் வருகிறதாம். யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லையாம். ஒன்று ஒழுங்குபடுத்துங்கள், இல்லாவிட்டால் ஒயரைக் கழற்றுங்கள் என்றார். நியாயமான பேச்சு. கமிட்டி என்னைப் பார்த்தது, செயலாளர் ஆக்கியது. கையெழுத்து.

பெயர் சொல்லாமல் பேசித் தோட்டத்தின் அமைதியைக் கெடுத்த முக்கியமான ஆள் கூரைக் குரங்குதான். ஆகவே இந்தப் பிரச்சினையில் என்னைவிட அனுபவசாலி இல்லை. ஒரே இரவில் எழுதிவிட்டேன். இனிப் பொத்தானை அழுத்தினால் குரல் நேராக எல்லா வீட்டுக்கும் போகாது. முதலில் கிளப்பு அறையில் இயக்குநரின் காதுக்கு மட்டும் வரும். விசாரித்துத் திருப்தி ஏற்பட்டால் அவர் சுவிட்சைத் திறப்பார். இயக்குநர் நான். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு. மூன்றாம் விதியை அப்படியே தருகிறேன்:

'அழைப்பவர் முதற்கண் தம் வீட்டு எண்ணையும், பதிவேட்டில் உள்ளவாறு குடும்பத் தலைவரின் பெயரையும் தெளிவாகக் கூறல் வேண்டும். கூறாத அழைப்பு ஏற்கப்படாது.'

இருசப்பன் அண்ணன் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பேச்சுக்கு கேட்டுப் போடுறியே, தம்பி. கேட்டு வேணும்னா ரயிலுக்குப் போடு."

"துரை கழட்டச் சொல்றாருண்ணே. இது இருந்தாத்தான் ஒயர் இருக்கும்."

"செரி, ஆம்பள பேரச் சொல்லிருவான். பொம்பளங்க எப்படிப்பா புருசன் பேரச் சொல்லுவாங்க?"

"வூட்டு நம்பர மட்டும் வெச்சா ஆளு யாருன்னு எப்படிண்ணே தெரியும்? நம்பர யார் வேணும்னாலும் சொல்லலாமே."

"ஆபத்து சம்பவத்துன்னா?"

"ஆபத்துல இருக்கிறவன்தான் பேர நல்லா சத்தமா சொல்லுவான்."

கமிட்டியில் இருந்த ஏழு பேரும் ஆண்கள். அவர்களுக்கு இது சிக்கலாகத் தெரியவில்லை. நான்கு பேர் சிரித்தார்கள். இருசப்பன் அண்ணன் சுவிட்சுப் பலகையைச் செய்துகொடுத்தார், ஹெட்போனைப் பொருத்தினார், அன்றிலிருந்து கிளப்பு அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஆகவே அவரை வழக்கில் சேர்ப்பதானால் மார்ச் வரைக்கும் சேருங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைத்ததாக இருக்கக் கூடாது. என் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். விதியை வாசித்துக் காட்டியபோது, "ஐயோ தம்பி, நான் எப்பிடியப்பு அவற்ர பேரைச் சொல்லுறது?" என்றார். எனவே பதினோராம் விதியில் அலுவலர் வீடுகளுக்கு விலக்கு அளித்தேன். விலக்கில்லாத விதி முரட்டுத்தனமாகத் தோன்றும்.

இதன்பின் ஒயர் மிகவும் ஒழுங்காயிற்று. ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது அழைப்பு வந்த இடத்தில் எட்டு, ஒன்பது. பெண்கள் கணவன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தார்கள். சிலர் மாமியாரைப் பெட்டிமுன் நிறுத்திச் சொல்லவைத்தார்கள். வள்ளியம்மா என்று ஒருத்தி, கணவன் பெயர் ஆறுமுகம். "பதினாலு. அஞ்சோட ஒண்ணு சேத்தா வர்ற மொகம்" என்றாள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் விதியில் 'தெளிவாக' என்று இருக்கிறது. மறுத்துவிட்டேன். யூனியன் பேச்சு வரவில்லை. தண்ணீர்ப் பேச்சு வரவில்லை. துரை என்னைத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தாயம்மா நான்கு மாதம் பொத்தானைத் தொடவில்லை.

ஜூலையில் அவளுடைய மகள் கங்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பக்கத்து ஊரான ராசாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு காலையில் இருபத்தேழாம் வீட்டிலிருந்து அழைப்பு. டிரசர் எந்த டிவிஷனில் இருக்கிறார் என்று கேட்க வேண்டுமாம்.

"இருவத்தேழு. ஆத்தாவுக்கு அண்ணன் வூடு."

அவள் அப்படித்தான். எங்கள் காளி கோயிலைக்கூட 'ஆத்தா கோயில்' என்றுதான் சொல்லுவாள், கணவன் பெயரில் பாதி அதில் வருகிறது என்பதால்.

"ஆத்தாவுக்கு அண்ணன்னா யாரு?"

"ஒனக்குத் தெரியாதா தம்பி?"

"எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாது."

ஹெட்போனில் அவள் மூச்சு கேட்டது. "முப்பது வருசமா வாயில வராத பேரு. கொரங்கு கேட்டா வந்துருமா?" என்று சொல்லிப் பொத்தானை விட்டுவிட்டாள். வெயிலில் ஒரு மைல் நடந்துபோய் டிரசரைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இங்கே நான் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும். எனக்கு அவள்மேல் வெறுப்பு இல்லை. வெறுப்புக்கு உடம்பில் சூடு வேண்டும், எனக்கு அது சின்ன வயதிலிருந்தே கம்மி. ஆனால் அந்தப் பெயர் அவள் குரலில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கு வருமே, அந்த மாதிரி. சாப்பிடும்போதுகூட யோசித்தேன். 'கா'வை நீட்டுவாளா, விழுங்குவாளா.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஆள்கணக்குப் பெரட்டு முடிந்து எல்லோரும் ரப்பர் காட்டுக்குப் போய்விட்டார்கள். லயத்தில் கிழடுகளும் பச்சைக் குழந்தைகளும்தான். மகளுக்கு நாள் நெருங்கியதால் தாயம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. டிரசர் இரண்டாம் டிவிஷனில். பால் ஏற்றும் லோரி கிளப்பு வாசலில் நின்றது. அது பன்னிரண்டு மணிக்குத்தான் கிளம்பும். டிரைவர் நாராயணசாமி அண்ணன் உள்ளே கேரம் பலகையில் தேநீரை வைத்துக்கொண்டு பழைய பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்று முழம் தூரம். குரல் ஹெட்போனில் வருவதால் அவருக்குக் கேட்காது.

அழைப்புப் பதிவேடு உங்களிடம் இருக்கிறது. அதில் அன்றைய பதிவு இது:

'காலை 10.40. எண் 27. குடும்பத் தலைவர் பெயர் கூறப்படவில்லை. "ஆத்தாவுக்கு அண்ணன்" என்றார். மறுக்கப்பட்டது. 10.51க்கு அழைப்பு நின்றது.'

அழைப்பு ஏன் நின்றதென்றால், கங்காவை ஓலைப்பாயில் தனியாக விட்டுவிட்டுத் தாயம்மா ஓடிவந்தாள். லயத்திலிருந்து கிளப்புக்கு ஏறுவழி, பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். வாசலில் வந்து நின்றபோது பாவாடையில் முழங்கால்வரை இரத்தம். என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே. புள்ள வந்துருச்சு, ரத்தம் நிக்கல."

நாராயணசாமி அண்ணன் தேநீரைத் தட்டிவிட்டு ஓடினார். நல்ல மனிதர், வேகமாகவும் ஓட்டுவார். கோலகுபு ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிடம். பாலம் தாண்டும்போது கங்கா தண்ணீர் கேட்டாளாம். ஆஸ்பத்திரி வாசலில் கேட்கவில்லையாம். பத்தொன்பது வயது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே ஒரு நர்ஸ் அழுதாராம். நாராயணசாமி அண்ணன் சொன்னார், சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குழந்தை பிழைத்தது. பெண். இரண்டு உயிரில் ஒன்று. கல்லூரியில் ஐம்பது விழுக்காட்டுக்குத் தேர்ச்சி கொடுப்பார்கள்.

பத்தாம் நாள் கிளப்பில் கூட்டம். ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று சிலர் சத்தம் போட்டார்கள். நான் பதிவேட்டை வாசித்தேன். கூட்டம் அடங்கிவிட்டது. எழுத்துக்கு அந்தச் சக்தி உண்டு. தாயம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"நாஞ் சொன்னேன். பேரச் சொன்னேன்."

யாரும் திரும்பவில்லை. முப்பது வருடம் அந்தப் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. பதிவேட்டில் வேறு எழுதியிருக்கிறது. மண்டோர், "இப்ப சொல்லி என்னாம்மா பண்றது" என்றார், அன்பாகத்தான் சொன்னார். காளியண்ணன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிர்த்தாமலே கேட்டார்:

"ஒரு பேரு. எம் பேருதான? புள்ளைய விடவாடி அது பெருசாப் போச்சு?"

அந்த மனிதர் கூட்டத்தில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. குழாயடியில் மற்றப் பெண்களும் பேசுவதில்லை. புருசன் பேருக்காகப் பெத்த மகளைச் சாகவிட்டவள் என்று அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. தாயம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக் கடைசியில் போய் உட்காருகிறாள். இருசப்பன் அண்ணன் மறுநாள் ஒரு குறடோடு வந்தார். நாற்பத்திரண்டு வீட்டு ஒயரையும் தானே வெட்டினார். வெட்டியதை வெளியே கிடக்கவிடாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள். பதிவேட்டைப் புரட்டி, "இதெல்லாம் சரியாய்த்தானே எழுதியிருக்கு, தம்பி?" என்று. வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், நீங்கள் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஆனால் ஒரு பிழையான பதிவு என் கையெழுத்தில் அரசாங்கக் கோப்புக்குப் போவதை நான் விரும்பவில்லை. எனவே திருத்தம்.

'ஆத்தாவுக்கு அண்ணன்' என்பது ஜூலையில் சொன்னது. ஆகஸ்டில் அவள் அப்படிச் சொல்லவில்லை.

10.40க்குப் பொத்தான் அழுந்தியதும் அவள் சொன்ன முதல் வார்த்தைகள் இவை: "இருவத்தேழு. காளியண்ணன். காளியண்ணன் வூடு. தம்பி, எம் புள்ளைக்கு ரத்தம் நிக்கல, லோரிய அனுப்பு." எண் சரி. பெயர் பதிவேட்டில் உள்ளவாறே இருந்தது. தெளிவாகவும் இருந்தது. மூன்றாம் விதியில் கேட்டதெல்லாம் நான்கு நொடியில் முடிந்துவிட்டது. 'கா'வை அவள் நீட்டவில்லை. மற்ற பெயர்களைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

நான், "சரியாக் கேக்கல" என்றேன்.

மறுபடி சொன்னாள். அந்த முறை நான் சுவிட்சைத் திறந்தேன். பெயருக்கு மட்டும். பெயர் முடிந்ததும் மூடிவிட்டேன். நாற்பத்திரண்டு பெட்டியிலும் தாயம்மா குரலில் 'காளியண்ணன்' என்று மட்டும் கேட்டது, புள்ளையும் ரத்தமும் லோரியும் போகவில்லை. முப்பத்தொன்றாம் வீட்டுக் கிழவர் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். கூரைக் குரங்கு திரும்ப வந்து தாயம்மா மாதிரிப் பேசுகிறது என்று நினைத்துச் சிரித்தாராம். அவரை நீங்கள் விசாரிக்கலாம். அவள் சொன்னதற்கு என்னைத் தவிர அவர் ஒருவர்தான் சாட்சி, அது அவருக்கே தெரியாது.

அதன்பின் எத்தனை முறை சொல்லவைத்தேன் என்று எண்ணவில்லை. "குடும்பத் தலைவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டேன். "எம் புருசன், காளியண்ணன்" என்றாள். "முழுப் பேரா?" என்றேன். "காளியண்ணன், சாமி, காளியண்ணன்" என்றாள். பின்னால் கங்காவின் குரல் முதலில் 'அம்மா' என்று இருந்தது, பிறகு வெறும் சத்தமாக இருந்தது, பிறகு குழந்தை அழுகிற சத்தம். நான் மணியைப் பார்த்துக்கொண்டேன். எந்த நிமிடத்திலும் நிறுத்தியிருக்க முடியும். இன்னொரு முறை, அதோடு போதும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். விதிப்படி நடக்கிற ஒரு விசாரணையில் குறுக்கிடுவது முறையில்லை என்றும் தோன்றியது. விசாரணை நடத்தியது நான்தான் என்பது அப்போது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

ஐந்தாம் தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நாராயணசாமி அண்ணன் சாட்சி சொல்ல வரும்போது தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். அது உண்மை, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் என்னிடம் ஒரு தடவை கேட்டார், 10.43 இருக்கும். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். லோரிச் சாவி கையில்தான் இருந்தது, விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா, ரொம்ப நேரமா லைன்ல? யாரு?"

ஹெட்போனில் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு காதை மட்டும் எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"தெரியலண்ணே. பேரு சொல்ல மாட்டேங்கிறாங்க."